தீவுச் சிறையும் செய்தித் திரையும்: பிரிட்டிஷ் அரசின் வார்த்தையை மக்கள் நம்ப மறுத்தது ஏன்?

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேரின் பெயர் 'ஸ்ரீ விஜயபுரம்' என மாற்றப்படுவதாக, மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா 2024 செப்டம்பர் 13 அன்று அறிவித்தார். காலனி ஆட்சியின் சுவடுகளிலிருந்து நாட்டை விடுவிப்பதே இதன் நோக்கம் என்று விளக்கம் தரப்பட்டது. மூன்று மாதங்கள் கழித்து, டிசம்பர் 16 அன்று, இதே இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனின் நிர்வாகத்தில் உள்ள டீகோ கார்சியா தீவு தொடர்பாக ஒரு தீர்ப்பு வெளியானது. இலங்கைத் தமிழர்கள் பலர் அங்கு மூன்றாண்டுகளுக்கும் மேலாகச் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தனர் என்று நீதிமன்றம் கூறியது.

இரண்டு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால், இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. கரையிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் ஓர் அரசு மனிதர்களை அடைத்து வைக்கும்போது, அங்கு நடப்பதை வெளியுலகுக்கு எடுத்துச் சொல்வது யார்? இந்தக் கேள்விக்கு பிரிட்டிஷ் அரசு அந்தமானில் அளித்த பதிலே, அரசு மீதும், அதன் அறிக்கைகளை அப்படியே வெளியிட்ட பத்திரிகைகள் மீதும் மக்கள் கொண்டிருந்த நம்பிக்கையைத் தகர்த்தது.

அரசின் குரலே செய்தியான காலம்

பத்திரிகைகள் ஒருபக்கச் சார்புடன் எழுதுகின்றன என்ற மனக்குறை தமிழகத்துக்குப் புதிதல்ல. 1878-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக டி. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அந்த நியமனத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதின. அதற்குப் பதில் சொல்ல இந்தியர்களின் கையில் ஒரு பத்திரிகை இல்லையே என்ற ஆதங்கத்தில்தான், அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று ஜி. சுப்பிரமணிய ஐயர் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் 'தி இந்து' இதழைத் தொடங்கினர். ஆங்கிலம் அறியாத மக்களையும் சென்றடைய, 1882-ல் 'சுதேசமித்திரன்' பிறந்தது.

ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அரசு தரும் தகவலை முதன்மைப்படுத்தின; இந்தியர் நடத்திய பத்திரிகைகள் அதைச் சந்தேகத்துடன் அணுகின. செய்தி நிறுவனங்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. வெளிநாட்டுச் செய்திகள் ராய்ட்டர்ஸ் வழியாகவும், உள்நாட்டுச் செய்திகள் பின்னாளில் அதன் கட்டுப்பாட்டுக்குள் வந்த அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியா வழியாகவும் வந்தன. இந்த நிலையை மாற்றும் எண்ணத்துடன் எஸ். சதானந்த் என்ற தமிழர் 1920-களில் 'ஃபிரீ பிரஸ் ஆஃப் இந்தியா' என்ற செய்தி நிறுவனத்தைத் தொடங்கினார். 1934-ல் 'தினமணி' நாளிதழ் தொடங்கப்பட்டதும் அவரது முயற்சியால்தான்.

நகரத்தில் நடக்கும் ஒரு நிகழ்வை இரு பத்திரிகைகள் இருவிதமாக எழுதினால், வாசகர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வர முடியும். அந்தமானில் அந்த வாய்ப்பே இருக்கவில்லை. சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்தத் தீவுக்கான கப்பல் போக்குவரத்து அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. கடிதங்களைத் தணிக்கை செய்ததும் அரசே. அனுமதியின்றி யாரும் கரையிறங்க முடியாது. 1858-ல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கிய நாள் முதல், அங்கு நடந்தவற்றைப் பற்றி வெளிவந்தவை பெரும்பாலும் அதிகாரிகளின் குறிப்புகளே.

ஆசிரியர்களே கைதிகள்

1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் 690-க்கும் மேற்பட்ட தனி அறைகள் இருந்தன. ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாதபடி, ஒரு பிரிவின் முன்புறம் மற்றொரு பிரிவின் பின்புறத்தை நோக்கி அமைந்திருந்தது. கைதிகளைக் கரையிலிருந்து கடல் பிரித்தது. ஒருவரையொருவர் அறியாதபடி சுவர் பிரித்தது.

அங்கு அனுப்பப்பட்டவர்களில் குண்டு வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்கள் மட்டுமின்றி, பத்திரிகை ஆசிரியர்களும் இருந்தனர். அலகாபாத்திலிருந்து 1907 முதல் வெளிவந்த 'ஸ்வராஜ்யா' என்ற உருது வார இதழ், சுமார் இரண்டரை ஆண்டுகளில் எட்டு ஆசிரியர்களைக் கண்டது. ஒருவர் சிறை சென்றதும் அடுத்தவர் பொறுப்பேற்றார். அவர்களில் லதா ராம், நந்த கோபால், ஹோதிலால் வர்மா உள்ளிட்டோர் அந்தமானுக்குக் கடத்தப்பட்டனர். அவர்களுக்குத் தண்டனை பெற்றுத் தந்தது அச்சில் வந்த எழுத்து.

தமிழகத்திலும் இதே காலத்தில் இதே நிலைதான். 1908-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் நாடு கடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, கோவை, கண்ணூர் சிறைகளில் அவர் தண்டனையைக் கழித்தார். அதே ஆண்டில் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைதானார். பாரதியார் எழுதிவந்த 'இந்தியா' வார இதழின் பதிவு பெற்ற ஆசிரியர் சீனிவாசன் ஐந்தாண்டு தண்டனை பெற்றார். பாரதியார் புதுச்சேரி சென்றார். இதழும் அங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழைவதற்குத் தடை வந்ததும், 1910-ல் நின்றுபோனது. அந்த ஆண்டின் பத்திரிகைச் சட்டம், பிணைத்தொகை கேட்டும் அதைப் பறிமுதல் செய்தும் அச்சகங்களை முடக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது.

ஒருபுறம் மாற்றுக் குரல்களின் வாயை அடைத்துவிட்டு, மறுபுறம் 'எங்கள் அறிக்கையை நம்புங்கள்' என்று அரசு கேட்டது. மக்களின் அவநம்பிக்கைக்கு இந்த முரண்பாடு ஒன்றே போதுமானதாக இருந்தது.

சிறையைக் கடந்த ஒரு கடிதம்

1912-ல் அந்தத் திரையில் முதல் கிழிசல் விழுந்தது. எண்ணெய்ச் செக்கில் மாடுகளைப் போலப் பூட்டப்பட்டு நாள்தோறும் நிர்ணயிக்கப்பட்ட அளவு எண்ணெய் ஆட்ட வேண்டும், தவறினால் கைவிலங்கிட்டு நிற்க வைக்கப்படுவர் என்பன போன்ற விவரங்களை ஹோதிலால் வர்மா எழுதி, தணிக்கையைத் தாண்டி ரகசியமாக வெளியே அனுப்பினார். அந்தக் கடிதம் சுரேந்திரநாத் பானர்ஜியின் 'பெங்காலி' பத்திரிகையை அடைந்து அச்சேறியது. அநாமதேயக் கடிதம் என்று அதை ஒதுக்க முடியவில்லை. எழுதியவர் தன் பெயரை மறைக்காமல் கையெழுத்திட்டிருந்தார்.

அதே ஆண்டு ஏப்ரலில், அலிப்பூர் வழக்குக் கைதி இந்து பூஷண் ராய் தன் அறையில் தூக்கிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அதே வழக்கின் மற்றொரு கைதியான உல்லாஸ்கர் தத்தா மனநலம் குன்றினார். பின்னர் சென்னை மனநல மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். இந்தச் செய்திகளும் அடுத்தடுத்து வங்காளப் பத்திரிகைகளில் வெளிவந்தன.

1913-ல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் உள்துறை உறுப்பினராக இருந்த சர் ரெஜினால்ட் கிராடக் நேரில் அந்தமானுக்குச் சென்று அரசியல் கைதிகளைச் சந்தித்தார். அடுத்த ஆண்டில், ஆயுள் தண்டனை அல்லாத கைதிகள் பலர் தாய்நாட்டுச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அரசு தானாக முன்வந்து இந்த மாற்றத்தைச் செய்யவில்லை. சிறையின் உள்ளே நடப்பது வெளியே தெரிந்த பிறகே செய்தது. மக்கள் இதைக் கவனித்தார்கள். இதுவரை அரசு சொன்னது முழு உண்மையல்ல என்பதை அரசின் நடவடிக்கையே ஒப்புக்கொண்டது போலாயிற்று.

நாளிதழுக்காகவும் ஓர் உண்ணாவிரதம்

சிறைக் குழுவின் ஆய்வுக்குப் பின், கைதிகளை அந்தமானுக்குக் கடத்துவதைக் கைவிட 1921-ல் முடிவெடுக்கப்பட்டது. ஆனால், 1932-ல் வங்காளத்தில் புரட்சி இயக்கம் மீண்டும் வலுத்தபோது, அரசியல் கைதிகள் மறுபடியும் அங்கு அனுப்பப்பட்டனர். கைவிடுவதாகச் சொன்னதை அரசு மீண்டும் கையிலெடுத்தது மக்களிடையே ஆழ்ந்த கசப்பை ஏற்படுத்தியது.

1933 மே 12 அன்று கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினர். தரமான உணவு, இரவில் அறைகளில் வெளிச்சம் ஆகியவற்றுடன், படிக்கப் புத்தகங்களும் நாளிதழ்களும் வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. தங்களைப் பற்றி வெளியுலகம் அறிய வேண்டும் என்பது போலவே, வெளியுலகைப் பற்றித் தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவும் அவர்கள் பட்டினி கிடந்தனர். சிறை நிர்வாகம் வலுக்கட்டாயமாகக் குழாய் மூலம் பால் செலுத்தியது. லாகூர் சதி வழக்குக் கைதி மகாவீர் சிங் மே 17 அன்று உயிரிழந்தார். மாத இறுதிக்குள் மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகிய இருவரும் இறந்தனர்.

இந்த மரணங்கள் குறித்த செய்தி கரையை எட்டியபோது கொந்தளிப்பு ஏற்பட்டது. 1931-ன் பத்திரிகை அவசர அதிகாரச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. அரசை விமர்சித்தால் பிணைத்தொகை பறிபோகும் என்ற அச்சத்துக்கு நடுவிலும் இந்தியப் பத்திரிகைகள் கேள்வி எழுப்பின. 46 நாள்களுக்குப் பின் ஜூன் 26 அன்று உண்ணாவிரதம் முடிவுக்கு வந்தது. விளக்கு, படுக்கை, புத்தகங்கள், நாளிதழ்கள் ஆகியவை அனுமதிக்கப்பட்டன. கேட்டது கிடைத்தது; அதற்கு விலை மூன்று உயிர்கள்.

'சொர்க்கம்' என்ற ஒற்றைச் சொல்

1936-ல் உள்துறை உறுப்பினர் சர் ஹென்றி கிரெய்க் அந்தமானைப் பார்வையிட்டார். திரும்பியதும், அது 'கைதிகளின் சொர்க்கம்' என்ற பொருளில் பேசினார். மூன்று கைதிகள் பட்டினியில் மாண்ட மூன்றாண்டுகளுக்குள் வந்த அந்தச் சொல், அரசு எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விளைவை உண்டாக்கியது. கைதிகளின் குடும்பத்தினரையும் பொதுமக்களையும் அது ஆறாத கோபத்தில் ஆழ்த்தியது. அரசு அதிகாரி ஒருவர் ஒரு சில நாள்கள் பார்த்துவிட்டுச் சொல்வது செய்தியாகிறது, அங்கேயே ஆண்டுக்கணக்கில் வாழ்பவர் சொல்வது மட்டும் ஏன் செய்தியாவதில்லை என்ற கேள்வி எழுந்தது.

அதே ஆண்டில் மத்திய சட்டசபை உறுப்பினர்களான ராய்ஜாதா ஹன்ஸ்ராஜ், சர் முகம்மது யாமின் கான் இருவரும் தீவுக்குச் சென்று வந்தனர். அதிகாரிகள் அல்லாத கண்கள் சிறையைப் பார்த்தது, விவாதத்தின் தன்மையை மாற்றியது. அரசின் கூற்றைச் சபையில் எதிர்கொள்ள ஆதாரம் கிடைத்தது.

1937 ஜூலை இறுதியில் சுமார் 200 கைதிகள் மீண்டும் உண்ணாவிரதத்தில் இறங்கினர். அரசியல் கைதிகள் அனைவரையும் விடுவிக்க வேண்டும், அந்தமானில் உள்ளோரைத் தாய்நாட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்று கோரினர். அப்போது அரசியல் சூழல் மாறியிருந்தது. மாகாணத் தேர்தல்கள் முடிந்து, சென்னையில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை பொறுப்பேற்றிருந்தது. ஆகஸ்ட் 2 அன்று கொல்கத்தா டவுன் ஹாலில் நடந்த கண்டனக் கூட்டத்துக்கு ரவீந்திரநாத் தாகூர் தலைமை வகித்தார். ஆகஸ்ட் 14 'அந்தமான் தினமாக' அனுசரிக்கப்பட்டது. பிற சிறைகளிலும் ஆதரவு உண்ணாவிரதங்கள் தொடங்கின. காந்தி, தாகூர் ஆகியோரின் வேண்டுகோளை ஏற்றுக் கைதிகள் ஆகஸ்ட் இறுதியில் போராட்டத்தைக் கைவிட்டனர். செப்டம்பரில் தொடங்கி 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் அனைவரும் கரை திரும்பினர்.

'சொர்க்கம்' என்று சொல்லப்பட்ட இடத்திலிருந்து வெளியேற 200 பேர் உயிரையே பணயம் வைத்தார்கள் என்பது, எந்தத் தலையங்கத்தாலும் மறுக்க முடியாத உண்மையாக நின்றது. அரசின் வாதத்தைத் தோற்கடித்தது அதுவே.

சார்பு ஒரு பக்கம் மட்டும்தானா?

அன்றைய தேசியப் பத்திரிகைகளும் நடுநிலையானவை அல்ல என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். அவை விடுதலை இயக்கத்தின் பக்கம் வெளிப்படையாக நின்றன. அரசியல் கைதிகளின் துயரம் பெற்ற இடத்தை, அதே சிறையில் அதைவிட நீண்ட காலம் வதைபட்ட சாதாரணக் கைதிகளின் துயரம் பெறவில்லை. தீவின் பழங்குடியினர் பற்றி இரு தரப்புப் பத்திரிகைகளும் மிகக் குறைவாகவே எழுதின.

செய்தியை மறைப்பதும் பிரிட்டிஷாருக்கு மட்டுமே உரிய வழக்கமல்ல. 1942 மார்ச்சில் அந்தமானைக் கைப்பற்றிய ஜப்பானிய ராணுவம் அதே செல்லுலார் சிறையில் உள்ளூர் இந்தியர்களை உளவாளிகள் என்று குற்றம்சாட்டிச் சித்திரவதை செய்தது. 1943 டிசம்பர் இறுதியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அங்கு வந்தபோது, அந்தக் கொடுமைகள் அவர் கண்ணில் படாதவாறு பார்த்துக்கொள்ளப்பட்டது. சில நாள்களில், 1944 ஜனவரியில், மக்கள் பெரிதும் மதித்த மருத்துவர் திவான் சிங் சிறையில் உயிரிழந்தார். ஆள்பவர் மாறினாலும், தீவின் தனிமை அவருக்குத் தரும் வசதி மாறவில்லை.

ஆகவே, பத்திரிகையின் கருத்துச் சார்பைவிட ஆபத்தானது, களத்துக்குள் செல்ல முடியாத நிலை. சார்புள்ள இரண்டு செய்தியாளர்கள் நேரில் பார்த்து எழுதினால், வாசகரால் உண்மையை நெருங்க முடியும். யாருமே பார்க்க முடியாத இடத்தில், அரசின் அறிக்கையை அப்படியே வெளியிடும் நேர்மையான செய்தியாளரும் அரசின் ஊதுகுழலாகவே தெரிவார்.

டீகோ கார்சியாவில் எழுந்த அதே கேள்வி

அந்தமானிலிருந்து தென்மேற்கே சுமார் 3,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டீகோ கார்சியாவில் நடந்தவை இதை இன்றைய காலத்திலும் உறுதி செய்கின்றன. 2021 அக்டோபரில், கடலில் தத்தளித்த படகிலிருந்து இலங்கைத் தமிழர்கள் மீட்கப்பட்டு அங்கு கொண்டு செல்லப்பட்டனர். குழந்தைகள் உள்பட அவர்கள் வேலியிட்ட முகாமில், எலிகள் நடமாடும் கூடாரங்களில் ஆண்டுக்கணக்கில் வைக்கப்பட்டனர். உண்ணாவிரதங்கள் நடந்தன, உயிரை மாய்த்துக்கொள்ளும் முயற்சிகளும் நடந்தன.

அமெரிக்க ராணுவத் தளம் அமைந்துள்ள அந்தத் தீவில் பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் அனுமதியில்லை. 2024 ஜூலையில் தீவிலேயே நடக்கவிருந்த வழக்கு விசாரணை, அமெரிக்கா பாதுகாப்பைக் காரணம் காட்டி அனுமதி மறுத்ததால் தடைபட்டது. செப்டம்பரில் விசாரணை நடந்தபோது, சட்டப் போராட்டத்துக்குப் பின் பிபிசி செய்தியாளர் கடும் கட்டுப்பாடுகளுடன் அனுமதிக்கப்பட்டார். முகாமின் நிலை விரிவாக வெளியுலகுக்குத் தெரிந்தது. டிசம்பர் தொடக்கத்தில் பெரும்பாலானோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அடுத்த சில நாள்களில் வெளியான தீர்ப்பில், அந்த முகாம் பெயரளவில் மட்டுமே சிறை அல்ல என்ற பொருள்படும்படி நீதிபதி மார்கரெட் ஓபி குறிப்பிட்டார்.

இங்கு கவனிக்க வேண்டிய ஒரு முரணும் உண்டு. பிரிட்டனில் ஒருபக்கச் சார்பு என்ற குற்றச்சாட்டைத் தொடர்ந்து சந்திப்பதும் இதே பிபிசிதான். அமெரிக்க அதிபர் டிரம்பின் உரையைத் தவறான பொருள் தரும்படி தொகுத்ததாக எழுந்த சர்ச்சையில், அதன் தலைமை இயக்குநர் டிம் டேவி, செய்திப் பிரிவின் தலைவர் டெபோரா டர்னஸ் இருவரும் 2025 நவம்பரில் பதவி விலக நேர்ந்தது. ஒரு நிறுவனம் ஓரிடத்தில் தவறிழைக்கலாம். மற்றோரிடத்தில் வேறு யாரும் செல்லாத கதவைத் தட்டலாம். நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து நம்புவதும் நிராகரிப்பதும் வாசகருக்கு உதவாது. யார் நேரில் பார்த்தார், எந்தக் கட்டுப்பாட்டின் கீழ் பார்த்தார், எதிர்த் தரப்பின் வாக்குமூலம் இடம்பெற்றதா என்பவையே பயன் தரும் கேள்விகள்.

இன்றைய அந்தமானுக்கான பாடம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிக்கோபாரில் சுமார் 3.8 லட்சம் பேர் வசிக்கின்றனர். அவர்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். அவர்களைப் பொறுத்தவரை, தீவிலிருந்து செய்தி சரியாக வெளியே செல்வது வரலாற்று விவாதம் அல்ல; அன்றாடத் தேவை.

கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றை அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் வன நிலம் இதற்குப் பயன்படுத்தப்படவுள்ளது. மலாக்கா நீரிணைக்கு அருகில் இருப்பதால் நாட்டின் பாதுகாப்புக்கும் வணிகத்துக்கும் இது அவசியம் என்கிறது அரசு. ஷோம்பென், நிக்கோபாரி பழங்குடியினரின் வாழ்விடமும் அரிய உயிரினங்களும் பாதிக்கப்படும் என்கின்றனர் எதிர்ப்பாளர்கள். இரு தரப்பு வாதங்களையும் எடைபோடத் தேவையான ஆவணங்கள் சில, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்டபோது, தேசப் பாதுகாப்பு கருதி மறுக்கப்பட்டன. பாதுகாப்பு சார்ந்த பகுதியை மறைப்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால், மரங்கள், ஆமைகள், மக்களின் குடியிருப்பு பற்றிய பகுதிகளும் அத்துடன் சேர்ந்து மறையும்போது, அரசின் நல்ல வாதங்களும் நம்பிக்கை இழக்கும்.

மக்களாட்சியில் இயங்கும் அரசைக் காலனி அரசுடன் ஒப்பிடுவது பொருந்தாது. இன்று நீதிமன்றம், நாடாளுமன்றம், தேர்தல் என்று கேள்வி கேட்கும் வழிகள் பல உள்ளன. அந்த வழிகள் பயன்பட வேண்டுமானால் தகவல் வேண்டும். 1912-ல் ஒரு கைதி உயிரைப் பணயம் வைத்துக் கடத்தி அனுப்ப வேண்டியிருந்த தகவலை, இன்று ஒரு குடிமகன் மனு எழுதிக் கேட்டுப் பெற முடிய வேண்டும்.

1979-ல் தேசிய நினைவகமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட செல்லுலார் சிறையில், ஏழு பிரிவுகளில் மூன்று மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. அங்கு செல்லும் பயணிகள் தூக்குமேடையையும் செக்கையும் பார்க்கிறார்கள். அந்தச் சிறையை அரசியல் கைதிகளிடமிருந்து காலி செய்ய வைத்ததில், தணிக்கையைத் தாண்டிய ஒரு கடிதத்துக்கும், அதை அச்சிடத் துணிந்த ஒரு பத்திரிகைக்கும், சொர்க்கம் என்று சொல்லப்பட்டதை நம்ப மறுத்த மக்களுக்கும் பங்குண்டு. தலைநகரின் பெயர் மாறிவிட்ட பிறகும் நினைவில் நிற்க வேண்டியது அந்தப் பங்கு.